உண்ட உணவு உடலில் சேர்வது எங்கே, எப்படி?

மஃரிப் பாங்கு ஒலித்ததும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் இடுகிறோம். மென்று விழுங்கி, இரண்டு மிடறு தண்ணீரும் குடித்துவிட்டோம். இப்போது அந்தப் பழம் நம் உடலுக்குள் சென்றுவிட்டதா என்று கேட்டால் "ஆம், வயிற்றில்தானே இருக்கிறது" என்றுதான் சொல்வோம். உடலியல் தரும் பதில் வேறு. வயிற்றில் இருக்கும் உணவு இன்னும் உடலுக்கு வெளியேதான் இருக்கிறது!

வாயில் தொடங்கி ஆசனவாயில் முடிகிற நம்முடைய உணவுப்பாதை, இரண்டு முனைகளும் திறந்திருக்கும் ஒரே நீண்ட குழாய். அந்தக் குழாய்க்குள் இருப்பது எதுவானாலும், குழாயின் சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலந்தால்தான் அது உடலைச் சேர்ந்ததாக ஆகும். குழந்தை விழுங்கிவிட்ட ஒரு ரூபாய் நாணயம் பெரும்பாலும் சில நாட்களில் அப்படியே மலத்தோடு வெளியே வந்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அது குழாயின் வழியாகப் போனது, அவ்வளவுதான். உடலுக்குள் நுழையவே இல்லை. (நாணயத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம்: பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் காத்திருக்கவே கூடாது. அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அதைப் புண்ணாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.)

அந்தச் சுவர் எதையும் எளிதில் உள்ளே விடுவதில்லை. சோற்றையோ கறியையோ நெய்யையோ அப்படியே அனுமதிக்காது. சோற்றின் மாவுச்சத்து குளுக்கோஸாக உடைய வேண்டும். கறியின் புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிய வேண்டும். நெய்யின் கொழுப்பு கொழுப்பு அமிலங்களாகப் பிரிய வேண்டும். இப்படி உடைப்பதற்குப் பெயர்தான் செரிமானம். உடைந்ததைச் சுவர் வாங்கிக்கொள்வதற்குப் பெயர் உட்கிரகித்தல். நம் வீடுகளில் "ஜீரணம் ஆகவில்லை" என்று முதலாவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம், இரண்டாவதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆனால் ஒரு குழந்தை பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் சில நேரங்களில் இந்த இரண்டாவதைத்தான் பொறுத்திருக்கிறது. அதை இறுதியில் விரிவாகப் பார்ப்போம்.

வாயிலும் வயிற்றிலும்

பற்கள் உணவை அரைக்கின்றன, உமிழ்நீர் அதைக் குழைக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை அங்கேயே உடைக்கத் தொடங்கிவிடுகிறது. நொதி என்பது உணவுத் துணுக்குகளை வெட்டுகிற ஒருவகைப் புரதம். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு வேலைதான் தெரியும். மாவுச்சத்தை வெட்டுவது புரதத்தைத் தொடாது, புரதத்தை வெட்டுவது கொழுப்பைத் தொடாது. வெறும் சோற்றை நீண்ட நேரம் மென்றால் இலேசாக இனிக்கும். அமைலேஸ் வேலை செய்வதன் அடையாளம் அது.

வேக வைக்காத அரிசியின் மாவுச்சத்து இறுக்கமான மணிகளாக இருப்பதால் நொதிகளால் அதற்குள் எளிதில் நுழைய முடியாது. நீரில் வெந்து குழையும்போது அந்த மணிகள் ஊதி விரிகின்றன. நம்முடைய நோன்புக் கஞ்சி வயிற்றுக்கு இதமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அடுப்பிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. பேரீச்சம்பழம் இன்னும் ஒரு படி மேல். நன்கு பழுத்த பழத்தின் இனிப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகவே இருக்கிறது. உடைக்க ஏதுமில்லை என்பதால் விரைவாக இரத்தத்தில் சேர்கிறது. பகல் முழுதும் நோன்பிருந்தவருக்கு இது நல்லது. சர்க்கரை நோயாளி எத்தனை பழம் என்று எண்ணிச் சாப்பிட வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

விழுங்கிய உணவு சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாயில் தானாக விழுவதில்லை. குழாயின் தசைகள் அலை அலையாகச் சுருங்கி அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன. படுத்திருந்தாலும், தலைகீழாக நின்றாலும் விழுங்க முடிவது இதனால்தான். சில நொடிகளில் உணவு இரைப்பைக்கு வந்துவிடும்.

இரைப்பையில் என்ன நடக்கிறது என்பது 200 ஆண்டுகளுக்கு முன்புவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. உணவு அங்கே அரைபடுகிறது என்றார்கள் சிலர், வேகிறது என்றார்கள் சிலர், அழுகுகிறது என்றும் சொன்னார்கள். 1822 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் நடந்த ஒரு விபத்து இதற்கு விடை தந்தது. அலெக்சி செயின்ட் மார்ட்டின் என்ற, தோல் வணிகத்தில் கூலி வேலை பார்த்த கனடிய இளைஞர் மீது மிக அருகிலிருந்து துப்பாக்கி வெடித்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் சிகிச்சை அளித்தார். பிழைக்க மாட்டார் என்று எண்ணப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் விலாவுக்குக் கீழே ஏற்பட்ட துளை மூடவே இல்லை. அதன் வழியாக இரைப்பையின் உட்புறத்தையே பார்க்க முடிந்தது.

போமான்ட் 1825 முதல் பல ஆண்டுகள் அந்தத் துளை வழியே சோதனைகள் செய்தார். மாட்டிறைச்சித் துண்டு, ரொட்டி, முட்டைக்கோஸ் போன்றவற்றைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கி, நேரம் பார்த்து வெளியே எடுத்துக் கவனித்தார். இரைப்பை நீரைக் குப்பியில் சேகரித்து உடல் சூட்டில் வைத்தபோது, அந்தக் குப்பியிலேயே இறைச்சி கரைந்தது. அரைப்பதும் இல்லை, அழுகுவதும் இல்லை. இது இரசாயன வேலை என்பது உறுதியாயிற்று. செயின்ட் மார்ட்டின் கோபப்பட்டபோது செரிமானம் பாதிக்கப்பட்டதையும் அவர் குறித்து வைத்தார். 1833-இல் இதைப் புத்தகமாக வெளியிட்டுப் பெரும் புகழ் பெற்றார். சோதனைகளை உடலில் தாங்கிய அந்த ஏழைக் கூலியாளுக்கு அந்தப் புகழில் பங்கு கிடைக்கவில்லை. அவர் 1880 வரை வாழ்ந்தார். மருத்துவர்கள் உடலைக் கேட்டு வருவார்கள் என்று அஞ்சி, அவருடைய குடும்பத்தினர் உடல் கெடும்வரை வைத்திருந்து பிறகே ஆழமாக அடக்கம் செய்தனர். மருத்துவ அறிவு எப்போதும் நியாயமான வழியில் மட்டுமே வந்ததில்லை என்பதையும் நாம் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த இரைப்பை நீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தை வெட்டும் பெப்சின் என்ற நொதியும். இந்த அமிலம் உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். இறைச்சியைக் கரைக்கும் அமிலம் இரைப்பையையே கரைக்காமல் இருக்கக் காரணம், உட்சுவரைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான சளிப் படலம். அந்தப் படலம் பழுதானால் வருவதுதான் நாம் அல்சர் என்று சொல்லும் வயிற்றுப்புண்.

காரம் சாப்பிட்டதால்தான் அல்சர் வந்தது, பட்டினி கிடந்ததால்தான் வந்தது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. காரம் இருக்கும் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் வேறு இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. இதை நிரூபிக்க ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்றொன்று, மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் நாமாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள். கிருமியால் வந்த புண்ணை ஓரிரு வார மருந்தில் குணப்படுத்திவிட முடியும். ஆண்டுக்கணக்கில் "எனக்கு அல்சர்" என்று சொல்லிக்கொண்டு வாழ வேண்டியதில்லை. மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நோன்பு நேரத்தில் வயிறு 'கடமுட' என்று சத்தமிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரைப்பையும் சிறுகுடலும் காலியாக இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வலுவான அலை ஒன்று மேலிருந்து கீழாகச் செல்கிறது. மிச்சம் மீதியையும் கிருமிகளையும் பெருங்குடலை நோக்கித் துடைத்துத் தள்ளும் வேலை அது. எதையாவது சாப்பிட்ட உடனே அது நின்றுவிடும். நாள் முழுதும் கொறித்துக்கொண்டே இருப்பவரின் குடலுக்கு இந்தக் கூட்டிப் பெருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

இரைப்பை தண்ணீரை விரைவாகக் கீழே அனுப்பிவிடும். மாவு உணவு அடுத்து, புரதம் அதற்கடுத்து, எண்ணெயும் நெய்யும் கடைசி. கொழுப்பு அதிகமாக இருந்தால் இரைப்பை காலியாக 4 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இஃப்தாரில் சமோசாவையும் வடையையும் நிறையச் சாப்பிட்டவருக்குத் தராவீஹில் நிற்கும்போது வயிறு கனப்பது இதனால்தான். ஸஹர் சாப்பிட்டு ஃபஜ்ர் தொழுததும் படுத்துவிடுகிறவர்களுக்கு நெஞ்செரிச்சல் வருவதும் இதோடு தொடர்புடையது. படுத்தால் இரைப்பையின் வாயும் உணவுக்குழாயும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், அமிலம் எளிதாக மேலே ஏறும். அந்தத் தொல்லை உள்ளவர்கள் ஸஹரில் எண்ணெய்ப் பண்டங்களைக் குறைத்து, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுப்பது நல்லது. வயிற்றை மூன்று பங்காக்கச் சொல்லும் நபிமொழியை நாம் எல்லோரும் அறிவோம். நிரம்பி வழியும் வயிற்றில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

இத்தனையும் நடந்த பிறகும் இரைப்பைச் சுவர் வழியாக இரத்தத்துக்குச் சென்ற உணவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. வயிறுதான் எல்லாவற்றையும் செய்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு தயாரிப்புக் கூடம். உணவைக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு அனுப்புவதே அதன் வேலை.

பன்னிரண்டு விரலும் ஒரு நோன்பாளியும்

சிறுகுடலின் முதல் பகுதி சுமார் 25 செ.மீ. நீளம். பன்னிரண்டு விரல்களை அருகருகே வைத்த அகலம் என்பதால் பண்டைய மருத்துவர்கள் அதற்குப் பன்னிரண்டு என்ற பொருளிலேயே பெயர் வைத்தார்கள். அரபியிலும் அது 'இஸ்னா அஷர்'தான். அமிலத்தோடு வரும் கூழை இங்கே மூன்று நீர்கள் எதிர்கொள்கின்றன.

முதலாவது கணைய நீர். கணையம் என்றால் இன்சுலின் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரப்பதற்காகவே இருக்கிறது. அந்த நீரில் உள்ள காரத்தன்மை அமிலத்தைத் தணிக்கிறது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் வெட்டும் நொதிகளும் அதில் இருக்கின்றன. இதில் வியப்பூட்டும் ஓர் ஏற்பாடு உண்டு. புரதத்தை வெட்டும் நொதியைக் கணையம் செயலற்ற நிலையிலேயே தயாரித்து அனுப்புகிறது. குடலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அது கூர்மை பெறுகிறது. உறையில் இட்ட கத்தியைக் கொடுத்தனுப்புவது போல! அது தவறுதலாகக் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கிவிடும். மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி எழுந்து முதுகு வரை பரவும். உயிருக்கே ஆபத்தான கணைய அழற்சி இது. மதுவும் பித்தக்கற்களும் இதன் முதன்மைக் காரணங்கள்.

இரண்டாவது பித்தநீர். கல்லீரல் இதைச் சுரக்கிறது, பித்தப்பை சேமித்து வைக்கிறது. எண்ணெய் படிந்த சட்டியை வெறும் தண்ணீரில் கழுவ முடியாது, சோப்பு வேண்டும். பித்தநீர் செய்வது இந்தச் சோப்பின் வேலையைத்தான். கொழுப்பை மிக நுண்ணிய துளிகளாகச் சிதறடித்துக் கொடுக்கிறது. அதன்பிறகே நொதிகளால் அதை வெட்ட முடிகிறது. வலீமா விருந்தில் பிரியாணியும் தாளிச்சாவும் உள்ளே போனதும், கொழுப்பு வந்த செய்தி இரத்தத்தின் வழியே பித்தப்பைக்குப் போகிறது, அது சுருங்கிப் பித்தநீரைப் பீய்ச்சுகிறது. பையில் கல் இருந்து, அது வாயை அடைத்துக்கொண்டால்? விருந்து முடிந்து வீட்டுக்கு வந்த இரவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும் வலி. நம்மவர்கள் இதை வாய்வுப் பிடிப்பு என்று சொல்லி, சோடா குடித்தே பல மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள். கொழுப்பு உணவுக்குப் பிறகு திரும்பத் திரும்ப இப்படி வலித்தால் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்துகொண்டால் தாமதிக்கவே கூடாது. அதேபோல், நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் இருந்தால் அது வாய்வாக இல்லாமல் மாரடைப்பாகவும் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது நீர் குடல் சுவரே சுரப்பது. அதைக் கடந்து செல்வோம்.

இதற்கடுத்த பகுதிக்கு அரபி மருத்துவம் வைத்த பெயர் நமக்குச் சுவையானது. அதன் பெயர் 'ஸாயிம்' – நோன்பாளி! இலத்தீன் பெயரின் பொருளும் அதுவே. இறந்த உடல்களை அறுத்துப் பார்த்த பண்டைய மருத்துவர்கள் குடலின் இந்தப் பகுதி மட்டும் பெரும்பாலும் காலியாகவே இருப்பதைக் கண்டு இப்படிப் பெயரிட்டார்கள். உண்மையில் அது எதையும் உண்ணாத நோன்பாளி அல்ல. வருவதையெல்லாம் வேகமாக வாங்கிக்கொண்டு, மீதியைக் கீழே தள்ளிவிடும் பகுதி அது. உணவு உடலுக்குள் நுழையும் வேலை மிக அதிகமாக நடப்பது இங்கேதான்.

எப்படி? சிறுகுடலின் உட்சுவர் வழுவழுப்பான குழாய் போல இல்லை. மடிப்பு மடிப்பாக இருக்கிறது. அந்த மடிப்புகளின் மேல் துருக்கித் துண்டின் நூலிழைகளைப் போல இலட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இல்லை. அவற்றின் மேலுள்ள ஒவ்வொரு செல்லின் தலையிலும் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் இன்னும் சிறிய இழைகள். இதையெல்லாம் விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லி வந்தன. 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபடி அளந்து கணக்கிட்டதில் சுமார் 30 சதுர மீட்டர் என்று தெரிந்தது. அதாவது ஏறக்குறைய அரை பேட்மின்டன் மைதானம். டென்னிஸ் மைதானம் போய்விட்டதே என்று வருந்த வேண்டியதில்லை, ஒரு நல்ல அளவு கூடத்தை வயிற்றுக்குள் சுருட்டி வைத்திருப்பதும் சாதாரணமா? இந்தச் சுவரின் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. நம் உடலிலேயே மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் பகுதிகளில் இதுவும் ஒன்று.

சர்க்கரையும் அமினோ அமிலங்களும் உறிஞ்சியின் நடுவிலுள்ள நுண் இரத்தக்குழாய்களில் சேர்ந்து நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் பார்த்துப் பிரித்து, தேவையானதை அனுப்பி, மிச்சத்தைச் சேமிக்கிறது. கொழுப்பின் பாதை தனி. அது சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு நிணநீர்க் குழாயில் ஏறி, நெஞ்சு வழியே மேலே சென்று, இடது கழுத்தின் அடியில் இரத்தத்தில் கலக்கிறது.

பாலில் உள்ள சர்க்கரையை வெட்டும் லாக்டேஸ் நொதி பலருக்கு வளர்ந்த பிறகு குறைந்துவிடுகிறது. வெட்டப்படாத பால் சர்க்கரை பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகளால் புளிக்கும். பால் குடித்தால் வயிறு ஊதுவது, கழிவது இதனால்தான். இவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் தயிராகும்போதே பால் சர்க்கரையில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது.

சாப்பிட்டதும் ஏன் டீ வேண்டாம்?

நல்ல உணவு சாப்பிட்டும் இரத்தசோகை தீராமல் இருக்கும் பெண்கள் நம் வீடுகளில் பலர். தட்டில் இரும்புச்சத்து இருந்தால் மட்டும் போதாது, சுவர் அதை வாங்க வேண்டும். இரும்புச்சத்து முக்கியமாக அந்தப் பன்னிரண்டு விரல் பகுதியில்தான் வாங்கப்படுகிறது. இறைச்சி, ஈரலில் உள்ள இரும்பை அது எளிதாக வாங்கிக்கொள்ளும். கீரை, பருப்பில் உள்ளதை வாங்குவது கடினம். சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு கிளாஸ் டீ குடித்தால், டீயிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இந்தக் கீரை, பருப்பு இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. அது அப்படியே வெளியே போய்விடும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவது இதற்கு நேர்மாறாக இரும்பை வாங்க உதவுகிறது. மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கும் பழக்கம் இருந்தால் இன்றே மாற்றிக்கொள்ளலாம்.

பி12 வைட்டமினின் கதை இன்னும் நுணுக்கமானது. இரைப்பை சுரக்கும் ஒரு தனிப் புரதம் அதனோடு சேர்ந்து பயணம் செய்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதை ஒப்படைக்கிறது. நீரிழிவுக்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த வைட்டமின் குறைகிறது. கால் மரத்துப்போவதும் எரிவதும் சர்க்கரையால் மட்டுமல்லாமல் இதனாலும் இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் கேட்டால் போதும்.

ஒன்பது லிட்டர் தண்ணீர்

இனி நாம் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். நாம் ஒரு நாளில் குடிப்பதும் உணவில் வருவதுமாகச் சுமார் 2 லிட்டர் நீர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடலே குழாய்க்குள் ஊற்றுவது சுமார் 7 லிட்டர். மொத்தம் 9 லிட்டர். மலத்தில் வெளியேறும் நீரோ 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே. சிறுகுடல் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிவிடுகிறது. எஞ்சியதில் ஏறக்குறைய முழுவதையும் பெருங்குடல் வாங்கிக்கொள்கிறது. பெருங்குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் நமக்கு உதவியாகக் குடியிருந்து, நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் புளிக்க வைத்துச் சில சத்துகளைத் தருகின்றன. கொண்டைக்கடலை சாப்பிட்டால் வாயு வருவது அவற்றின் விருந்துச் சத்தம்தான்.

இந்த 9 லிட்டர் கணக்கு தவறினால் என்னவாகும்? அதுதான் வயிற்றுப்போக்கு. காலராவில் கிருமியின் நச்சு குடல் சுவரை நீரை வெளியே கொட்டச் செய்கிறது. பெரியவர் ஒருவரே சில மணி நேரத்தில் உயிர் இழக்கக்கூடும். குழந்தை தாங்குமா? வெறும் தண்ணீர் கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். நரம்பில் ஏற்றும் சலைன் ஒன்றே வழி என்று மருத்துவம் நம்பிய காலம் அது.

1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அறிவியலாளர் ஒன்றைச் சொன்னார். குடல் செல்லில் குளுக்கோஸுக்கென்று ஒரு வாசல் உண்டு. அது உப்பிலுள்ள சோடியத்தோடு கைகோத்து வந்தால்தான் திறக்கும். இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்தொடர்ந்து போகும். காலரா நச்சு மற்ற வழிகளைக் குலைத்தாலும் இந்த வாசலைக் கெடுப்பதில்லை என்பது பிறகு தெரிந்தது. அப்படியானால் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீரை வாயால் குடித்தாலே போதுமே! 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் மருத்துவர்கள் காலரா நோயாளிகளிடம் இதைச் சோதித்து, வெற்றி கண்டார்கள். ஆனாலும் பெரிய மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. இவ்வளவு எளிய பொருளா உயிர் காக்கும் என்ற எண்ணம்.

1971-இல் வங்கதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் எல்லையைக் கடந்து மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பங்காவ் என்ற எல்லை ஊரின் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெங்கும் கிடந்தார்கள். சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. கொல்கத்தாவின் குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் வேறு வழியில்லை என்று முடிவெடுத்தார். குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் பொட்டலம் கட்டச் செய்து, தண்ணீரில் கரைத்து டிரம்களில் ஊற்றி வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே பிடித்துப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். அதுவரை நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. மருத்துவரோ செவிலியரோ இல்லாமல், தாயின் கையால் செய்யப்பட்ட சிகிச்சை அது. உலக சுகாதார நிறுவனம் பின்னர் இதை உலகெங்கும் கொண்டு சென்றது. நாம் ஓ.ஆர்.எஸ். என்று சொல்லும் பொட்டலம் இதுதான். மஹலனாபிஸ் 2022-இல் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு பத்ம விபூஷண் அறிவித்தது.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும் அந்தப் பொட்டலத்தை நம் வீடுகளில் பல நேரங்களில் சரியாகப் பயன்படுத்துவதில்லை. பொட்டலத்தின் மேல் 1 லிட்டர் என்று போட்டிருந்தால் 1 லிட்டரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். 200 மில்லி என்று போட்ட சிறு பொட்டலங்களும் உண்டு, படித்துப் பார்க்க வேண்டும். பாதிப் பொடியை ஒரு டம்ளரில் போட்டுக் கலக்குவது ஆபத்து. அந்தக் குளுக்கோஸ் வாசல் அளவு பார்த்துத் திறப்பது. உப்பு கூடினால் குழந்தைக்குக் கேடு, சர்க்கரை கூடினால் அது குடலுக்குள் இன்னும் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கிவிடும். பாட்டில் குளிர்பானமும் டப்பாவில் வரும் பழச்சாறும் வயிற்றுப்போக்கில் உதவாததற்குக் காரணமும் இதுவே. கடையில் பழச்சுவையோடு அழகிய அட்டைப் பெட்டியில் வருகிற பானங்கள் எல்லாம் ஓ.ஆர்.எஸ். அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பொட்டலம் கையில் இல்லாத இரவில், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறை வயிறு போன பிறகும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உணவையும் நிறுத்த வேண்டியதில்லை, குழைந்த சோறோ கஞ்சியோ கொடுக்கலாம். துத்தநாக மாத்திரையை மருத்துவர் தந்தால், வயிறு நின்ற பிறகும் சொன்ன நாட்கள் முழுவதும் கொடுத்து முடிக்க வேண்டும்.

குழந்தையின் கண் குழி விழுந்திருந்தாலோ, அழுதும் கண்ணீர் வராவிட்டாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகவே மறைந்தாலோ, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குடிக்கக்கூட முடியாமல் துவண்டு கிடந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது. மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். போகும் வழியிலும் அந்த உப்பு சர்க்கரை நீரை ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போகலாம். மயங்கிய குழந்தைக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.